காலி இருக்கையின் விலை

வட இங்கிலாந்தில் பிராட்ஃபோர்ட் என்றொரு நகரம். கம்பளி ஆலைகளால் செழித்து, ஆலைகள் மூடியதும் தளர்ந்துபோன ஊர். அந்த ஊரின் கால்பந்துக் கிளப்பான பிராட்ஃபோர்ட் சிட்டி 2001 வரை நாட்டின் உச்சப் பிரிவான பிரிமியர் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. அதன்பின் இறங்குமுகம்தான். 2001, 2004, 2007 என்று மூன்று முறை கீழே தள்ளப்பட்டு நான்காம் பிரிவில் வந்து நின்றது. மைதானம் மட்டும் நல்ல காலத்தின் அளவிலேயே இருந்தது. 25,000 பேர் உட்காரலாம். நான்காம் பிரிவு ஆட்டத்துக்குச் சில ஆயிரம் பேர் வந்தாலே பெரிய விஷயம்.

2007-இல் அந்தக் கிளப் ஒரு முடிவு எடுத்தது. சீசன் முழுவதற்குமான டிக்கெட்டை 138 பவுண்டுக்கு விற்றது. சொந்த மைதானத்தில் நடக்கும் லீக் ஆட்டங்கள் 23. வகுத்துப் பார்த்தால் ஓர் ஆட்டத்துக்கு 6 பவுண்டுதான். அந்த சீசனில் சராசரியாக ஆட்டத்துக்கு 13,000 பேருக்கு மேல் வந்தார்கள். அந்தப் பிரிவில் வேறு எந்தக் கிளப்புக்கும் அவ்வளவு கூட்டம் வரவில்லை.

இது லாபமா நஷ்டமா என்று ஒரு பத்தாம் வகுப்பில் கேட்டுப் பார்க்கலாம். விலையைக் குறைத்தால் வருமானம் குறையும் என்றுதான் முதலில் தோன்றும். அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி இது: ஆட்டம் தொடங்கும் விசில் ஊதியபிறகு, விற்காமல் கிடக்கும் ஓர் இருக்கையின் மதிப்பு என்ன? பூஜ்யம். ஜெர்சி இன்று விற்காவிட்டால் நாளை விற்கும். இருக்கை அப்படியல்ல, அந்த நிமிடத்தோடு செத்துப்போகும் சரக்கு. இனி மறுபக்கம். கூடுதலாக ஒருவர் வந்து உட்கார்ந்தால் கிளப்புக்கு ஆகும் கூடுதல் செலவு எவ்வளவு? புல்லை வெட்டியாயிற்று, விளக்கு எரிகிறது, ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்தாயிற்று. ஆகவே அதுவும் ஏறக்குறைய பூஜ்யம்தான். விலையைப் பாதியாக்கினால் இரண்டு மடங்கு ஆள் வந்தாலே டிக்கெட் கணக்கு சரியாகிவிடும். வந்தவர் குடிக்கும் தேநீர், வாங்கும் ஆட்டக் குறிப்பேடு, கூட்டிவரும் பிள்ளை எல்லாம் அதற்கு மேல். அந்தப் பிள்ளை நாற்பது ஆண்டு ரசிகராக இருக்கப்போகிறவர் என்பது எந்தக் கணக்கேட்டிலும் ஏறாத வரவு.

நிலையான செலவு, கூடுதல் அலகின் செலவு, தேவையின் நெகிழ்ச்சி என்று பொருளாதாரப் பாடநூல் தனித்தனி அத்தியாயங்களாக வைத்திருக்கும் மூன்று கருத்துகள் ஒரே ஒரு காலி நாற்காலிக்குள் அடங்கியிருக்கின்றன. தொழில்முறை விளையாட்டுக் கிளப்புகளோடு கைகோத்து மாணவர்களுக்குத் தொழில்முனைவுத் திறனைக் கற்பிக்கலாம் என்று இங்கிலாந்தில் சிலர் நினைத்ததற்குக் காரணம் விளையாட்டின் கவர்ச்சி என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். கவர்ச்சி பிள்ளைகளை வாசல்வரை கூட்டிவரும். அதற்கப்பால் அவர்களைப் பிடித்து நிறுத்துவது கிளப் என்னும் தொழிலின் விசித்திரம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1997-இல் இங்கிலாந்து அரசு ‘பிளேயிங் ஃபார் சக்சஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. படிப்பில் பின்தங்கிய 9 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்தபிறகு கால்பந்து மைதானத்துக்குள்ளேயே கற்றல் மையம் வைத்து எழுத்தும் எண்ணும் கணினியும் சொல்லித்தந்தார்கள். பின்னர் ரக்பி, கிரிக்கெட் கிளப்புகளும் சேர்ந்தன. தேசியக் கல்வி ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து, முக்கியமாக எண்ணறிவில் பிள்ளைகள் நன்றாக முன்னேறுவதைக் கண்டது. இன்னொரு பக்கம், 2002-இல் ஹவர்ட் டேவிஸ் தலைமையிலான ஆய்வுக்குழு, பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழில்முனைவுக் கல்வி வேண்டும் என்று அரசுக்குப் பரிந்துரைத்தது. 14 முதல் 16 வயது மாணவர் ஒவ்வொருவருக்கும் ஐந்து நாள் அளவுக்காவது அந்த அனுபவம் கிடைக்க வேண்டும் என்று 2005-இலிருந்து பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்கப்பட்டது. இந்த இரண்டு ஓடைகளும் கலந்த இடத்தில்தான் பிரிமியர் லீக்கின் ‘எண்டர்பிரைஸ்’ திட்டமும், 2019-இல் வந்த ‘பிரிமியர் லீக் இன்ஸ்பையர்ஸ்’ திட்டமும் முளைத்தன. கிளப்புகளின் சமூக அறக்கட்டளைகள் அருகிலுள்ள பள்ளிகளோடு சேர்ந்து இத்தகைய திட்டங்களை நடத்துகின்றன. மாணவர்கள் குழுவாகப் பிரிந்து ஒரு சிக்கலை எடுத்துக்கொள்வார்கள். கிளப்பில் அந்த வேலையைச் செய்பவர்களிடமே பேசி விவரம் கேட்பார்கள். கடைசியில் தங்கள் யோசனையை நடுவர்கள் முன் வைத்து, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்வார்கள்.

கிளப் ஒரு விசித்திரமான தொழில் என்றேன். எவ்வளவு விசித்திரம் என்று பார்ப்போம்.

சோப்புக் கம்பெனி முதலாளி ஒருவர் போட்டிக் கம்பெனிகள் எல்லாம் மூடிவிட வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்பு. 1964-இல் வால்டர் நீல் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தொழில்முறை விளையாட்டில் இந்தத் தர்க்கம் தலைகீழாவதைச் சுட்டிக்காட்டினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் ஜோ லூயிஸ், மாக்ஸ் ஷ்மெலிங் என்ற இரு குத்துச்சண்டை வீரர்கள். லூயிஸ் உலகச் சாம்பியன். எதிரே ஷ்மெலிங் போன்ற பலசாலி இல்லாவிட்டால் அவர் யாரோடு சண்டைபோட்டு யாரிடம் டிக்கெட் விற்பார்? எதிராளி பலவீனமாகப் பலவீனமாக இவருடைய வருமானமும் இறங்கும். ஒரு கால்பந்துக் கிளப் தனியாக எதையும் உற்பத்தி செய்ய முடியாது. ஆட்டம் என்ற பண்டத்தை உண்டாக்க எதிரணியும் சேர்ந்து உழைக்க வேண்டும். அதனால்தான் ஒரே லீக்கில் ஆடும் கிளப்புகள் தொலைக்காட்சிப் பணத்தைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. போட்டியாளரைக் காப்பாற்றுவதும் வியாபாரத்தின் ஒரு பகுதி என்பது, வணிகம் என்றாலே ஒருவரை ஒருவர் விழுங்குவது என்று நினைத்திருக்கும் பிள்ளைக்குப் பெரிய திறப்பு.

இரண்டாவது விசித்திரம், வாடிக்கையாளரே பண்டத்தின் ஒரு பகுதியாக இருப்பது. இது வெறும் உணர்ச்சிப் பேச்சு அல்ல. கொரோனா காலம் எதிர்பாராமல் ஒரு பெரிய சோதனையை நடத்திக் கொடுத்தது. 2020 மே 16 அன்று ஜெர்மனியின் கால்பந்து லீக்கான பண்டஸ்லிகா பார்வையாளர் யாருமில்லாத மைதானங்களில் மீண்டும் தொடங்கியது. மற்ற நாடுகளும் தொடர்ந்தன. மைதானம் அதேதான், புல்லும் அதே, அணிகளும் அவையே. கூட்டம் மட்டும் இல்லை. ஆய்வாளர்கள் முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டபோது, சொந்த மைதானத்தில் ஆடும் அணிக்கு வழக்கமாக இருக்கும் அனுகூலம் குறைந்திருந்தது. வெளியூர் அணிக்கு நடுவர்கள் அதிகமாக மஞ்சள் அட்டை காட்டும் வழக்கமும் தணிந்திருந்தது. காசு கொடுத்து வந்தவரின் கூச்சல் நடுவரின் கையை அசைத்துக்கொண்டிருந்திருக்கிறது! பிராட்ஃபோர்டின் மலிவு டிக்கெட்டை இந்த வெளிச்சத்தில் திரும்பப் பாருங்கள். நிரம்பிய மைதானம் டிக்கெட் வருமானத்தைத் தருவதோடு பண்டத்தின் தரத்தையும் உயர்த்துகிறது. வந்தவருக்கு அனுபவம் கூடுகிறது, அடுத்த வாரம் இன்னொருவரை அழைத்து வருகிறார்.

இவை பெரிய கருத்துகள். ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளையைச் சட்டென்று உள்ளே இழுப்பது இவற்றைவிடச் சிறிய ஒன்று: இடைவேளைத் தேநீர்.

கால்பந்தில் இடைவேளை 15 நிமிடம், அதாவது 900 வினாடி. இங்கிலாந்தில் இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. 1985-இல் வந்த ஒரு சட்டத்தின்படி ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் அமர்ந்து மது அருந்தக் கூடாது. அதனால் பீர் வேண்டுபவரும் தேநீர் வேண்டுபவரும், இறைச்சி அடைத்த ‘பை’ வேண்டுபவரும் ஒரே நேரத்தில் இருக்கையை விட்டு எழுந்து கீழே நடைகூடத்துக்கு ஓடி வருகிறார்கள். மாணவர் கையில் ஒரு நிறுத்துக் கடிகாரத்தைக் கொடுத்து ஒரு கவுன்ட்டர் அருகே நிற்கவைத்தால் போதும். மீதியை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

ஒருவரைக் கவனித்து அனுப்ப 40 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 900-ஐ 40-ஆல் வகுத்தால் இடைவேளை முழுவதும் ஒரு கவுன்ட்டரில் 22 பேர். முப்பது கவுன்ட்டர் இருந்தால் 660 பேர். அந்தப் பக்கத்துப் படிவரிசையில் உட்கார்ந்திருப்பவர் 6,000 பேர். அவர்களில் மூன்றில் ஒருவருக்குத் தேநீர் வேண்டுமென்றால்கூட 2,000 பேர். மீதி 1,340 பேர் வரிசையின் நீளத்தைப் பார்த்துவிட்டுக் காசைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். வாங்கத் தயாராகக் காசோடு நின்ற வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் கடை இது.

என்ன செய்யலாம்? கவுன்ட்டர்களை மூன்று மடங்காக்க இடமும் இல்லை, ஆளும் இல்லை. ஆகவே அந்த 40 வினாடி எங்கே கரைகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பட்டியலைப் படித்து முடிவெடுக்கக் கொஞ்ச நேரம், தேநீர் ஊற்றக் கொஞ்ச நேரம், சில்லறை கொடுக்கக் கொஞ்ச நேரம். பட்டியலை ஐந்து பண்டமாகச் சுருக்கி, வரிசையின் பின்பகுதியில் நிற்பவருக்கும் தெரியும்படி உயரத்தில் மாட்டி, அட்டையால் மட்டும் பணம் வாங்கினால் 10 வினாடி மிச்சமாகலாம். 30 வினாடிக்கு ஒருவர் என்றால் முப்பது கவுன்ட்டரில் 900 பேர். 240 பேர் கூடுதல். ஆளுக்கு 5 பவுண்டு செலவழித்தால் ஓர் ஆட்டத்துக்கு 1,200 பவுண்டு. 23 ஆட்டத்துக்கு 27,600 பவுண்டு. பத்தே வினாடியின் விலை இது! இந்த எண்ணைத் தன் கையால் போட்டுப் பார்த்த பிள்ளை அதற்குமேல் எந்தக் கடை வரிசையிலும் சும்மா நிற்காது. அதன் கண் கவுன்ட்டர் பக்கம் போய்விடும்.

உலகின் பணக்காரக் கிளப்புகளும் இதே கணக்கில்தான் மண்டையை உடைத்துக்கொள்கின்றன. 2019 ஏப்ரலில் திறந்த டாட்டனம் ஹாட்ஸ்பர் மைதானத்தில் 62,850 பேர் அமரலாம். அங்கே பீர்க் குவளைகள் அடிப்பாகத்தின் வழியாக நிரம்புகின்றன. குவளையின் அடியில் ஒரு துளை, அதை மூடியபடி ஒரு காந்த வில்லை. குவளையைக் குழாய்முனையில் வைத்ததும் வில்லை மேலெழ, பானம் கீழிருந்து ஏறுகிறது. எடுத்ததும் வில்லை தானே மூடிக்கொள்கிறது. நுரை அடங்கக் காத்திருக்க வேண்டாம், ஊழியர் குவளையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம். சில வினாடிகளை மிச்சம் பிடிக்க இவ்வளவு பொறியியல். பதினைந்து நிமிட நெரிசல் என்ற கட்டுப்பாடு இல்லையென்றால் இதற்கெல்லாம் தேவையே இருந்திருக்காது.

சரி, இதே கணக்கை வகுப்பறைக் கரும்பலகையில் போட்டால் ஆகாதா? மைதானத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா? இந்தக் கேள்விக்குப் பதில் பிரேசிலின் ஒரு தெருமுனையில் கிடைத்தது.

1980-களில் டெரெசினா நூனிஸ், டேவிட் கேரகர், அனலூசியா ஷ்லீமன் என்ற மூன்று உளவியல் அறிஞர்கள் பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் பொருள் விற்கும் 9 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் சாதாரண வாடிக்கையாளர்போலப் போய்ப் பொருள் வாங்கினார்கள். தேங்காய் விற்ற 12 வயதுச் சிறுவன் ஒருவனிடம் 35 குருசேரோ விலையுள்ள காய் நான்கு கேட்டார்கள். அவன் மூன்று காய் 105, அதோடு 30, அப்புறம் 5 என்று மனத்துக்குள் கூட்டி 140 என்று சரியாகச் சொன்னான். பிறகு அதே சிறுவனிடம் 35-ஐ 4-ஆல் பெருக்கச் சொல்லிப் பள்ளிக் கணக்காகக் கொடுத்தார்கள். நாலைந்து இருபது, இரண்டு மீதி, அந்த இரண்டை மூன்றோடு கூட்டி ஐந்து, அதை நாலால் பெருக்கி மறுபடி இருபது என்று போய் 200 என்றான். சற்றுமுன் தன் வாயால் 140 என்று சொன்னது அவனுக்கு உதவவே இல்லை. தெருவில் கேட்ட கணக்குகளில் அந்தப் பிள்ளைகள் 98 சதவீதம் சரியாகச் செய்தார்கள். அதே அளவுக் கணக்கைத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான்.

நம் ஊர்ப் பிள்ளைகளிடமும் இது நிரூபணமாகியிருக்கிறது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ ஆகியோரும் உளவியல் அறிஞர் எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்டவர்களும் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலைசெய்யும் 1,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்த ஆய்வு 2025-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. தராசில் நிறுத்து, விலை கூட்டி, மீதிச் சில்லறை தருவதை மனக்கணக்காகவே பிசகில்லாமல் செய்த பிள்ளைகளில் பலர், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் தாளில் வகுக்கத் தடுமாறினார்கள். இன்னும் கவலைக்குரியது மறுபாதி. சந்தையில் வேலை பார்க்காத பள்ளிப் பிள்ளைகள் தாள் கணக்கில் இவர்களைவிட மேலாக இருந்தும், அதே கணக்கு வியாபாரமாக வந்தபோது திணறினார்கள். தெருவின் அறிவு பள்ளிக்குள் போகவில்லை. பள்ளியின் அறிவு தெருவுக்கு வரவில்லை.

கற்றது தானாக இடம் மாறாது. எந்த இடத்தில், எதற்காக, யாருக்கு முன்னால் கற்றோமோ அந்த இடத்தோடு அறிவு ஒட்டிக்கொள்கிறது. கிளப்போடு கூட்டு வைப்பதன் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. தெரு, பள்ளி இரண்டும் கிளப்பில் சந்திக்கின்றன. காசு நிஜம், வரிசை நிஜம், விசில் ஊதும் நேரமும் நிஜம். அதேசமயம் கூடவே ஓர் ஆசிரியர் நின்று, இப்போது நீ வகுத்தாயே, அதைத் தாளில் எழுது என்று சொல்ல வாய்ப்பு இருக்கிறது. அந்த இரண்டாவது பாதியைச் செய்யாமல் மைதானத்தைச் சுற்றிக் காட்டி, கோப்பையோடு படம் எடுத்து அனுப்பினால் பிள்ளைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு கிடைக்கும், கல்வி கிடைக்காது.

கல்வி கிடைக்கிறதா என்று அளந்து பார்த்தவர்களின் முடிவுகள் இன்னும் சுவையானவை. நெதர்லாந்தில் ஹெஸல் ஓஸ்டர்பேக், மிர்யம் ஃபான் பிராக் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தொழிற்கல்லூரியின் மாணவர்கள் ஓராண்டு முழுக்கச் சிறு கம்பெனி தொடங்கி நடத்திய திட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். அதே கல்லூரியின் இன்னொரு வளாகத்தில் அந்தத் திட்டம் இல்லை. இரண்டையும் ஒப்பிட்டால் தொழில்முனைவுத் திறன் உயர்ந்ததாகத் தெரியவில்லை. தொழில் தொடங்கும் ஆசையோ, குறைந்திருந்தது. அந்த வேலை எவ்வளவு கடினம் என்று அனுபவித்துத் தெரிந்துகொண்டதால் ஆசை தெளிந்திருக்கலாம். அதை நான் தோல்வியாக எண்ணவில்லை. கடன் வாங்கிக் கடை வைத்து நொடிந்தபிறகு தெரிந்துகொள்வதைவிட இது மேல். 2014-இல் ஃபான் பிராக் வேறு இருவரோடு சேர்ந்து செய்த இன்னொரு ஆய்வு, தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியது. 11, 12 வயது. நட்புக் கயிறு தயாரித்து விற்கும் சிறு கம்பெனியை ஐந்து நாள் நடத்தினார்கள். வணிகம் பற்றிய அறிவில் மாற்றம் இல்லை. ஆனால் துணிந்து இறங்குவது, விடாமுயற்சி, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, கேட்காமலே முன்வந்து செய்வது போன்ற குணங்கள் வளர்ந்திருந்தன.

குணம்தான் முக்கியம், கணக்குப் பதிவு அல்ல என்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வலுவான சான்று ஒன்று உண்டு. டோகோ நாட்டின் லோமே நகரில் 1,500 சிறு வியாபாரிகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் கணக்கு வைப்பது, சந்தைப்படுத்துவது என்ற வழக்கமான வணிகப் பயிற்சி. இன்னொன்றுக்கு உளவியல் அறிஞர் மைக்கேல் ஃப்ரேசெ வகுத்த முன்முயற்சிப் பயிற்சி: வாய்ப்பைத் தானே தேடுவது, முட்டுக்கட்டையை முன்கூட்டியே நினைத்து மாற்றுவழி வைத்திருப்பது, பக்கத்துக் கடையைப் பார்த்துச் செய்யாமல் வேறாகச் செய்வது. மூன்றாம் பிரிவுக்குப் பயிற்சி இல்லை. 2017-இல் ‘சயன்ஸ்’ இதழில் முடிவு வந்தது. முன்முயற்சிப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 சதவீதம் உயர்ந்திருந்தது. வழக்கமான பயிற்சி பெற்றவர்களின் உயர்வு 11 சதவீதம். அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்று ஒதுக்கத்தக்க அளவில்தான்.

இந்த மூன்று ஆய்வுகளையும் சேர்த்து வைத்தால் கிளப்பில் என்ன கற்பிக்க வேண்டும் என்பது தெளிவாகிறது. லாப நட்டக் கணக்கை வகுப்பிலேயே சொல்லித்தரலாம். தெரியாத பெரியவர் ஒருவரிடம் போய், ஐயா, உங்கள் டிக்கெட் கவுன்ட்டரில் ஏன் இரண்டு வரிசை மட்டும் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கும் தைரியத்தை வகுப்பறையில் சொல்லித்தர முடியாது. முதல் யோசனையை மேலாளர் நிராகரித்ததும் முகம் சுண்டிப் போகாமல் இரண்டாவது யோசனையோடு திரும்பி வருவதையும் அப்படித்தான். அதற்கு எதிரே ஒரு நிஜ மேலாளர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

எந்த விலையையும் வைக்கலாம், வாங்குபவர் வாங்குவார் என்ற எண்ணத்துக்கும் கிளப் ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2016 தொடக்கத்தில் லிவர்பூல் கிளப், விரிவுபடுத்திய புதிய படிவரிசையில் மிக உயர்ந்த டிக்கெட் 77 பவுண்டு என்று அறிவித்தது. காத்திருப்போர் பட்டியல் நீண்டு கிடந்தது. அந்த விலைக்கும் ஆள் கிடைத்திருப்பார்கள். பிப்ரவரி 6 அன்று சண்டர்லாண்டோடு ஆட்டம். லிவர்பூல் 2-0 என்று முன்னிலை. 77-ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ 10,000 ரசிகர்கள் எழுந்து வெளியே போனார்கள். மீதி நேரத்தில் சண்டர்லாண்ட் இரண்டு கோல் போட்டு ஆட்டம் 2-2 என்று முடிந்தது. சில நாளிலேயே உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்த சீசனிலிருந்து பிரிமியர் லீக் கிளப்புகள், வெளியூரிலிருந்து வரும் எதிரணி ரசிகருக்கான டிக்கெட் 30 பவுண்டைத் தாண்டாது என்று உச்சவரம்பு வைத்துக்கொண்டன. தேவை வரைகோட்டை மட்டும் பார்த்து விலை வைத்தவர்களுக்கு, வாடிக்கையாளரின் மனத்தில் நியாயம் என்று ஒன்று இருப்பது பத்தாயிரம் பேர் எழுந்து நடந்தபோதுதான் உறைத்தது. பொருளாதாரத்தையும் அறத்தையும் ஒரே பாடவேளையில் நடத்த இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கிளப்பைக் கோயிலாக்கிக் காட்டவும் கூடாது. இங்கிலாந்துக் கிளப்புகள் பலவற்றின் ஜெர்சி மார்பில் பல ஆண்டுகள் சூதாட்டக் கம்பெனிகளின் பெயர் இருந்தது. 2025-26 சீசன் முடிவோடு மார்புப் பக்கத்திலிருந்து அவற்றை நீக்குவதாகப் பிரிமியர் லீக் கிளப்புகள் 2023 ஏப்ரலில்தான் ஒப்புக்கொண்டன. அந்த ஜெர்சி மாட்டியிருக்கும் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து வருமானம் எங்கிருந்து வருகிறது என்று மாணவருக்குச் சொல்லும்போது, இந்தப் பணம் யார் வீட்டுப் பணம் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்கச் சொல்ல வேண்டும். கிளப் அதைத் தடுக்குமானால் அந்தக் கூட்டு வேண்டாம். தோல்வியையும் மறைக்கக் கூடாது. 1885-இல் தொடங்கிய பரி கால்பந்துக் கிளப், பணத்தைக் கையாண்ட விதத்தால் நிலைகுலைந்து 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. நூற்று முப்பது ஆண்டுப் புகழும் உயிரைக் கொடுக்கும் ரசிகர்களும் இருந்தும் வரவுக்கு மேல் செலவு நின்றால் கதவு மூடும். வெற்றிபெற்ற கிளப்பின் கோப்பை அறையைவிட, இந்த மாதிரிக் கிளப்பின் இருப்புநிலைக் குறிப்பு மாணவருக்கு அதிகம் கற்றுத்தரும்.

இன்னொரு குறையும் உண்டு. கால்பந்தே பிடிக்காத பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். ஆட்டக்காரர் பெயர் தெரியாததால் அவர்கள் குழுவில் வாய் மூடி இருந்துவிடும் அபாயம் இருக்கிறது. சிக்கலை ஆட்டத்தைப் பற்றி வைக்காமல் கூட்டம், வரிசை, குப்பை, போக்குவரத்து, விலை என்று வைத்தால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆட்டத்தில் மூழ்காத கண்ணுக்குத்தான் குப்பைத்தொட்டி தப்பான இடத்தில் இருப்பது முதலில் தெரியும்.

1997-இல் தொடங்கிய ‘பிளேயிங் ஃபார் சக்சஸ்’ மையங்களுக்கான அரசின் தனி நிதி, அதன்பின் வந்த சிக்கன நடவடிக்கைகளில் 2011 வாக்கில் நின்றுபோனது. பள்ளிகளில் வேலைசார் கற்றல் கட்டாயம் என்ற விதியும் 2012-இல் எடுக்கப்பட்டது. இன்று இந்தக் கூட்டு முயற்சி பெரும்பாலும் கிளப்புகளின், லீக்கின் நல்லெண்ணத்தையும் பணத்தையும் நம்பியே நடக்கிறது. பயனுள்ளது என்று அளந்து தெரிந்துகொண்ட ஒன்றை ஓர் அரசு கைவிட்டது தவறு என்றே நான் நினைக்கிறேன்.

இப்படியொரு கூட்டை நடத்தப்போகும் பள்ளிக்கும் கிளப்புக்கும், அது எந்த ஊராக இருந்தாலும், ஒரு வேண்டுகோள். ஒரே நாள் சுற்றுலாவாக முடிக்காதீர்கள். சில வாரங்களாவது கொடுங்கள். பதில் ஏற்கெனவே தெரிந்த பயிற்சிக் கேள்வியைத் தராமல், கிளப்புக்கே இன்னும் விடை தெரியாத ஒன்றைக் கொடுங்கள். மாணவர் சொன்ன யோசனைகளில் ஒன்றையாவது அடுத்த ஆட்டத்தன்று நிஜமாகவே செய்து பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் அந்தக் கவுன்ட்டரின் வரவு எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது என்ற எண்ணை அந்தப் பிள்ளைகளுக்கே அனுப்பிவையுங்கள்.